சாவி என்று சொல்லாத வீடு

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் இறங்கி, சாவிக்கடை எங்கே என்று கேட்டால் யாரும் வாயால் வழி சொல்ல மாட்டார்கள். கையை நீட்டிக் காட்டுவார்கள். சர்வீஸ் ரோட்டில், மயிலத்துக்குப் பிரிகிற இடத்துக்குச் சற்று முன்னால், நீலத் தகரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மஞ்சள் சாவி வரைந்திருக்கும். கீழே ஒரு செல்போன் எண். எழுத்து ஒன்றுகூட இருக்காது. அந்தத் தகரத்துக்குக் கீழே மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் தையல்நாயகி. வயது முப்பத்தாறு. பெயரைக் கேள்விப்பட்டு ரவிக்கைத் துணியோடு வந்து நிற்கிறவர்களும் உண்டு. "எனக்கு ஊசி கோக்கக்கூடத் தெரியாதுங்க. பேருதான் தையல்," என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

பலகையில் எழுத்து இல்லாததற்குக் காரணம் அவளுடைய மாமனார் சக்கரபாணி. கடை நிற்கிற இடம் அவருடையது. ஒன்றரை ஏக்கர் நெல் வயலின் ரோட்டோர மூலை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் கடை போட இடம் கொடுத்தபோது அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். அந்த வார்த்தையை எழுதக் கூடாது.

நெல் பூத்து, பால் பிடிக்காமல் போனால், உள்ளே மணி இல்லாமல் உமி மட்டும் மிஞ்சும். அதற்கும் சாவி என்றுதான் பெயர். மணி பிடித்த கதிர் தலை சாய்ந்துவிடும். சாவிக்கதிர் விறைப்பாக நிற்கும். வயல்காரன் தூரத்தில் வரும்போதே அது தெரிந்துவிடும். பேரைச் சொன்னாலே அது வந்துவிடும் என்று ஒரு பயம். அதனால் சக்கரபாணி வீட்டில், பயிர் பொதி கட்டிக் கதிர் விடத் தொடங்கியதிலிருந்து அறுத்து மூட்டை ஏறுகிற வரைக்கும் யாரும் அந்த வார்த்தையை வாயில் எடுக்க மாட்டார்கள். பீரோ சாவியும் தொறப்புதான், வண்டிச் சாவியும் தொறப்புதான்.

தையல்நாயகிக்கு இது புதிதில்லை. அவள் பிறந்தது விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்தில். அங்கே அவள் அப்பா வீட்டிலும் இதே பழக்கம்தான். ஒன்றாம் வகுப்பில் டீச்சர் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று கேட்டார். தையல்நாயகி எழுந்து, "தொறப்பு டீச்சர்," என்றாள்.

"இல்ல. சாவி."

"சாவின்னா நெல்லு டீச்சர். உள்ள ஒண்ணும் இருக்காது. எங்கப்பா சாப்பிடாம படுத்துக்குவாரு."

வகுப்பே சிரித்தது. டீச்சர் அடுத்த அட்டைக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவளுக்குள் ஒரு கேள்வி ஏறிக்கொண்டது. ஒரே சத்தம் எப்படி இரண்டு பொருளுக்குப் பெயராகும்? கேட்க ஆள் இல்லாததால் தானே ஒரு பதிலும் செய்துகொண்டாள். பூட்டு தொலைந்துபோன சாவி ஒன்றுக்கும் உதவாது, மணி இல்லாத நெல்லும் அப்படித்தான். அதனால் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். இந்தப் பதில் அவளுக்கு முப்பது வருஷம் போதுமானதாக இருந்தது.

பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றதும் விழுப்புரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் விற்பனைக்குச் சேர்ந்தாள். கடை வாசலில் ஒரு சாவி வெட்டும் மெஷின் இருந்தது. அதை ஓட்டியவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். ஆனால் சாவி கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முதலாளி மெஷினைச் சாக்குப் போட்டு மூடச் சொன்னார். தையல்நாயகி சாப்பாட்டு நேரத்தில் சாக்கை விலக்கினாள். அவர் கழித்துப் போட்ட துண்டுகளை வைத்து வெட்டிப் பார்த்தாள். முப்பத்தெட்டு வீணாய்ப் போயின. முப்பத்தொன்பதாவது துண்டு குடோன் கதவைத் திறந்தது. முதலாளி சாக்கை எடுத்து மடித்து வைத்தார்.

அங்கேதான் அவள் ஒரு தப்பும் செய்தாள். ஒரு வாலிபன் ஒரு சாவியைக் கொடுத்து இன்னொன்று கேட்டான். வெட்டிக் கொடுத்தாள். அது அவன் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மாவுடைய சாவி. அடுத்த வாரம் அந்த அம்மாவின் வீட்டில் சிலிண்டரும் மிக்சியும் காணாமல் போயின. அந்த அம்மா கடைக்கு வந்து கத்தவில்லை. தையல்நாயகியின் கையாலேயே புதுப் பூட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கே அவள் தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். பூட்டுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும். கடைசித் திருப்பு அவர் கையால்தான். அது போலீஸ்காரரானாலும் சரி, சொந்த அண்ணனானாலும் சரி.

அறுப்பு மிஷின் ஓட்டும் சீனுவாசனைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்த பிறகு, ஹைவேயைப் பார்த்ததும் கடை போட இதுதான் இடம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. லாரிக்காரர்கள் டீக்கு இறங்குவார்கள், சாவியைத் தொலைப்பார்கள். ஆந்திராக்காரர் வந்து, "தாளம் செவி போயிந்தி அம்மா," என்பார். செவியா என்று அவள் தன் காதைப் பிடித்துக் காட்டினால், "அவுனு, அவுனு," என்று அவரும் தன் காதைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். கர்நாடகாக்காரர் கீலி கை என்று கையைக் காட்டுவார். ஒருவருக்குப் பூட்டின் காது, இன்னொருவருக்குப் பூட்டின் கை. மலையாளத்தார் தாக்கோல் என்பார். பீகார் பையன்கள் சாபி என்பார்கள். இலங்கையிலிருந்து வந்து இந்தப் பக்கம் தங்கிவிட்ட ஒரு அம்மா மட்டும் சாதாரணமாக, "பிள்ளை, ஒரு திறப்பு வெட்டித் தாறீங்களா?" என்று கேட்டார். தன் மாமனார் பயந்து பயந்து சொல்கிற வார்த்தையை அந்த அம்மா ஊரில் எல்லோரும் தினமும் சொல்கிறார்கள் என்று தெரிந்தபோது தையல்நாயகிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எழுத்தே இல்லாத பலகை இத்தனை பாஷைக்காரர்களையும் இழுத்துக்கொண்டு வந்தது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. இந்த வருஷம் கார்த்திகைக் கடைசியில் மூன்று நாள் மழை விடாமல் அடித்தது. பயிர் அப்போது பூவில் இருந்தது. தை பிறந்து சக்கரபாணி வரப்பில் நடந்து பார்த்தபோது, பத்துக் கதிருக்கு இரண்டு மூன்று விறைத்துக்கொண்டு நின்றன. பக்கத்து வயல்காரர் கிருஷ்ணசாமி அவர் பின்னாலேயே வந்தார். அவர்தான் பற்றவைத்தது.

அன்று சாயங்காலம் சக்கரபாணி கடைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஒரு நாளைக்கு எத்தினி தபாம்மா அந்த வார்த்தைய சொல்ற?"

"அத யாரு மாமா எண்ணிக்கினு இருக்காங்க?"

"கிருஷ்ணசாமி எண்ணியிருக்கான். டீக்கடையில உக்காந்துக்கினு. காலையில மட்டும் இருபத்திமூணு. நீ ஒம்பது, வர்றவன் போறவன் பதினாலு."

"அவருக்கு வேற வேலை இல்லியா?"

"வெளையாடாத. பயிரு காதுல வுழுவுது. அறுப்பு முடியற வரிக்கும் கடைய மூடு. அப்புறம் பாக்கலாம்."

"பூவுல மழை அடிச்சிது மாமா. நான் பேசனா நெல்லு பொக்காவும்?"

"மூடறதுன்னா மூடறதுதான்."

அந்த 'அப்புறம் பாக்கலாம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மாதம் மூடிக் கிடந்தால் லாரிக்காரர்கள் திண்டிவனத்தில் வேறு கடை பார்த்துக்கொள்வார்கள். பிறகு கடை திறந்திருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்கப் போவதில்லை. அவள் மூட முடியாது என்று சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் வந்து பார்த்தபோது ஷட்டரில் உள்ளங்கை அகலத்துக்குப் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. எதிரே டீக்கடை பெஞ்சில் சக்கரபாணி உட்கார்ந்திருந்தார். பூட்டின் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் இருந்தது.

கூட்ரோட்டுக்கு அதைவிட நல்ல வேடிக்கை அந்த வருஷம் கிடைக்கவில்லை. டீக்கடை செல்வகுமார் கையில் வடிகட்டியோடு வெளியே ஓடி வந்தான்.

"இன்னாக்கா இது, சாவிக்காரிக்கே பூட்டா? ஒனக்கு அரை நிமிஷம் ஆவுமா?"

"அரை நிமிஷம் எதுக்கு? இருபது செகண்டு."

"அப்ப தொறந்து தள்ளு."

"பூட்டு யாருது?"

"உங்க மாமனாருது."

"பக்கத்துல நிக்கறாரா?"

"டீ குடிச்சிக்கினு இருக்காரு."

"அப்ப தொறக்க மாட்டேன்," என்றாள் தையல்நாயகி. வீட்டுக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும், பையில் கிடந்த நாலு அரமும், கொஞ்சம் வெட்டாத சாவிகளும் கொண்டுவந்து, பூட்டிய ஷட்டருக்கு முன்னாலேயே உட்கார்ந்தாள்.

கையால் ராவிச் செய்கிற சின்னச் சாவிகளைச் செய்தாள். மெஷின் வேண்டிய வேலையைத் திண்டிவனத்துக்கு அனுப்பினாள். ஒவ்வொரு ஆளை அனுப்பும்போதும் அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்பில் இருந்த சீனுவாசன் போன் செய்தான்.

"நான் அப்பாகிட்ட பேசட்டா?"

"வேணாம். இது எனக்கும் அவருக்கும்."

"அப்ப பூட்ட ஒடைச்சிட்டு உக்காரு. வர்றத நான் பாத்துக்கறேன்."

"ஒடைச்சிட்டு உக்காந்தா அதுக்கப்புறம் எவன் எங்கிட்ட பூட்ட நம்பிக் குடுப்பான்? போன வை. மிஷின பாத்து ஓட்டு."

சக்கரபாணி தினமும் விடிந்ததும் முதல் ஆளாக வருவார். குனிந்து பூட்டின் அடியைப் பார்ப்பார். பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். மாமனாரும் மருமகளும் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஐந்து நாள் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டை மட்டும் அவள் கொண்டுபோய் பெஞ்சில் வைப்பாள். அவர் சாப்பிட்டுவிட்டுத் தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுப்பார்.

ஆறாம் நாள் சனிக்கிழமை. ஒன்றரை மணி இருக்கும். ஒரு வெள்ளைக் கார் டீக்கடையில் நின்றது. இறங்கியது மூன்று பேர். கோட்டக்குப்பம் கமாலுதீன், அவர் மனைவி குல்சும் பீவி, மகன் உஸாமா. உஸாமாவுக்குக் கத்தாரில் முதல் வேலை. விழுப்புரத்தில் இருக்கும் அக்கா முஹ்சினாவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு, அப்படியே சென்னை ஏர்போர்ட்டுக்குப் போகிறார்கள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கதவு திறக்கவில்லை. அது பழைய வண்டி, லாக்கை அமுக்கிவிட்டுச் சாத்தினால் பூட்டிக்கொள்ளும். சாவி சீட்டின் மேல் கிடந்தது. பக்கத்தில் கறுப்புப் பை. பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் அதற்குள்.

செல்வகுமார் வழக்கம்போலக் கையை நீட்டிக் காட்டினான். கமாலுதீன் ரோட்டைத் தாண்டி வந்தார்.

"எட்டரைக்கு ஃப்ளைட்டும்மா. அஞ்சரைக்காவது உள்ள போவணும். ஜல்தியா ஏதாவது பண்ணுங்க."

"வண்டி உங்களுதா பாய்?"

"மருமவன் வண்டி. அதனாலதான் கண்ணாடிய ஒடைக்கக் கை வரல."

"அப்ப மருமவனைக் கூப்புடுங்க. முகத்தப் பாக்கணும்."

"இப்பவா?" என்றான் உஸாமா. "அக்கா, எனக்கு வேலையே போயிடும்."

"ஒரு நிமிஷம் தம்பி. கூப்புடு."

விழுப்புரத்து மருமகன் போன் திரையில் வந்தார். வண்டி நம்பரைச் சொன்னார். டேஷ்போர்டில் குழந்தை ஒட்டிய பூனை ஸ்டிக்கரைச் சொன்னார். கண்ணாடி வழியாகப் பூனை தெரிந்தது. "தொறங்கக்கா, என் வண்டிதான்," என்றார். தையல்நாயகி தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்.

"வண்டிய அஞ்சு நிமிஷத்துல தொறந்துடலாம் பாய். ஆனா காத்துப்பையும் நீளக் கம்பியும் உள்ள இருக்குது. வெறுங்கம்பிய வுட்டா ரப்பரு கிழியும், கண்ணாடி விரிசல் வுடும்."

கமாலுதீன் ஷட்டரைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். மேலே ஆள் உயர மஞ்சள் சாவியைப் பார்த்தார்.

"நீங்க சாவி போடறவங்கதானேம்மா?"

"ஆமா."

"இது உங்க கடைதானே?"

"ஆமா."

"தொறங்களேன்!"

"பூட்டு என்னுது இல்ல பாய். பூட்டுக்காரரு அதோ உக்காந்திருக்காரு. எங்க மாமனாரு. அவரு வந்தாத்தான்."

உஸாமா ரோட்டோரத்தில் ஒரு கல்லை எடுத்துவிட்டான். "அத்தா, கண்ணாடிக்கு நான் மச்சான்கிட்ட பேசிக்கறேன்." குல்சும் பீவி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கெளம்பற நேரத்துல ஒடைச்சிட்டுப் போவாத வாப்பா. பத்து நிமிஷம் பாப்போம். அப்புறம் ஒடைச்சிக்கோ."

கமாலுதீன் பெஞ்சுக்குப் போனார். தையல்நாயகியும் பின்னால் போய்ச் சற்றுத் தள்ளி நின்றாள்.

"ஐயா, அந்தச் சாவி உங்ககிட்ட இருக்காம்."

சக்கரபாணிக்கு முகம் சுருங்கியது. "அந்த வார்த்தைய சொல்லாதீங்க பாய். பயிரு நிக்குது."

"இன்னா பயிரு?"

சக்கரபாணி கையை வீசி வயலைக் காட்டினார். நெல்லில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று சொன்னார். மழையைச் சொன்னார், கிருஷ்ணசாமி எண்ணிய இருபத்துமூன்றைச் சொன்னார். கமாலுதீன் அவசரத்தில் இருந்தாலும் முழுக்கக் கேட்டார். பிறகு பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, நான் கடக்கரைக்காரன், நெல்லப் பத்தித் தெரியாது. ஆனா இந்தச் சாவியப் பத்தித் தெரியும். குவைத்துல பதினெட்டு வருஷம் ஸ்டோர்ல இருந்தேன். என்கூட ஒரு கோவாக்காரரு. மொத நாளு கொத்தத் தூக்கிக் காட்டி, இந்தா சாவின்னாரு. ஆடிப்போயிட்டேன். யாரு உங்களுக்குத் தமிழு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டேன். அவரு சிரிக்கறாரு. இது உங்க பாட்டன் வார்த்தையும் இல்ல, எங்க பாட்டன் வார்த்தையும் இல்ல, போர்ச்சுகீசுக்காரன் கப்பல்ல கொண்டாந்தது. அவன் ஷாவ்னு சொல்வான். நாம ரெண்டு பேரும் சாவின்னு வச்சிக்கினோம், இந்திக்காரன் சாபின்னு வச்சிக்கினான்னாரு. அரபிகிட்டப் போயிக் கேளுங்க, மிஃப்தாஹ்னுவான். அதுக்கும் இதுக்கும் ஒறவே கெடையாது."

தையல்நாயகி பெஞ்சுக்குப் பக்கத்தில் நெருங்கி வந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் தூக்கிக்கொண்டு திரிந்த பதில், தொலைந்த பூட்டும் பொக்கு நெல்லும், ஒரே மூச்சில் உதிர்ந்துபோனது. அவளுக்கு வருத்தமில்லை. நன்றாக இருந்தது. பல்லில் சிக்கிய நார் ஒன்று வெளியே வந்த மாதிரி இருந்தது.

"அப்ப நெல்லு சாவி?" என்று அவளையும் அறியாமல் கேட்டுவிட்டாள். அறுப்புக்கு முன்னால் மாமனாரின் முகத்துக்கு நேராக அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பதில் சொன்னது சக்கரபாணி.

"அது நம்முளுது. சாவறதுலேர்ந்து வந்தது. செத்த நெல்லு. எந்தக் கப்பல்காரனும் வந்து சொல்லிக் குடுக்கல." வயல் பக்கம் திரும்பினார். "சரி பாய். கப்பல்ல வந்ததோ பஸ்ஸுல வந்ததோ, கேக்கறப்ப ரெண்டும் ஒண்ணாத்தான கேக்குது. பயிருக்கு இன்னா தெரியும்?"

கமாலுதீன் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணி ஆகப் பத்து நிமிஷம் இருந்தது.

அப்போது குல்சும் பீவி ரோட்டைத் தாண்டி வந்தார். பெஞ்சுக்கு முன்னால் நின்று, சத்தம் போடாமல் பேசினார்.

"அண்ணே, எம்புள்ள வேலை உங்க இடுப்புல தொங்குது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தப் பொண்ணு நெனச்சிருந்தா உங்க பூட்ட எப்பவோ தொறந்திருக்கும். தொறக்கல. இத்தினி பேரு சிரிக்கறாங்க, அப்பவும் தொறக்கல. நான் ஒரு மருமவ எடுக்கறதா இருந்தா இப்படித்தான் தேடுவேன்."

சக்கரபாணி எழுந்தார். "எனக்குத் தெரியாதாம்மா?" என்றார்.

அவர் ரோட்டைத் தாண்டிப் போய், தினமும் குனிவது மாதிரியே பூட்டுக்கு முன்னால் குனிந்தார். ஆனால் இந்தத் தடவை இரண்டு விரலால் சாவித்துளையிலிருந்து எதையோ உருவினார். வைக்கோல் துணுக்கு. திங்கட்கிழமை அவரே நறுக்கிச் செருகி வைத்தது. யாராவது துளையில் கம்பியோ சாவியோ விட்டிருந்தால் அது நசுங்கியிருக்கும், இல்லை கீழே விழுந்திருக்கும். முனை மழுங்காமல் அப்படியே இருந்தது. அதைத்தான் அவர் ஒவ்வொரு நாளும் விடிந்ததும் குனிந்து பார்த்தது. அவள் ராத்திரியில் வந்து திறந்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல உட்காருவாள் என்று நினைத்திருந்தார். ஐந்து நாளும் வைக்கோல் அவரைப் பொய்யாக்கிக்கொண்டே இருந்தது.

துணுக்கை அவளிடம் காட்டினார். தையல்நாயகிக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"என்னை வேவு பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன்."

"இன்னா தெரிஞ்சிது?"

"நவுரு, தொறக்கணும்," என்று அவர் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார். அவர் கை திருப்ப, பூட்டு வாயைத் திறந்தது. ஷட்டரை இருவரும் சேர்ந்து தூக்கினார்கள்.

அவள் உள்ளேயிருந்து சாமான்களை எடுத்து வந்தாள். காற்றுப்பையைக் காரின் கதவிடுக்கில் செருகி மெதுவாக ஊதினாள். விரல் நுழைகிற அளவு இடைவெளி வந்தது. துணி சுற்றிய நீளக் கம்பியை உள்ளே விட்டாள். கொக்கி லாக்கில் மாட்டியதும் நிறுத்தினாள். உஸாமாவை அழைத்து, போனில் அவன் மச்சான் பார்க்கும்படி பிடித்துக்கொள்ளச் சொன்னாள். கமாலுதீன் கையில் கம்பியைக் கொடுத்தாள். "இழுங்க பாய். மேல." டப் என்று கதவின் லாக் விட்டது. திரையில் மருமகன் கைதட்டினார்.

உஸாமா பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். "நல்லா இருங்கக்கா," என்றான். பிறகு சக்கரபாணியிடம் திரும்பி, "உங்க நெல்லும் நல்லா வெளையட்டும் ஐயா," என்றான். கார் திண்டிவனம் பக்கம் போனபோது இரண்டே கால்.

சக்கரபாணி கையில் பூட்டோடு கடை வாசலிலேயே நின்றிருந்தார். அவருக்கு முகம் கெடாமல் பெஞ்சுக்குத் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். கூட்ரோடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்தக் கப்பல் சமாச்சாரம் நெசமாம்மா?"

"பாய் எதுக்கு மாமா பொய் சொல்லணும்? அவருக்கு ஃப்ளைட்டுக்கு நேரமாச்சி."

அவர் யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொல்கிறவர் மாதிரி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "அப்ப இப்படி. வர்றவன் போறவன் சொல்றது கப்பல் வார்த்தை. அது நம்ம வயல்ல எறங்காது. சொல்லிக்கினு போவட்டும். நீ இந்த வீட்டுப் பொண்ணு. நீ சொன்னா அது நம்ம வார்த்தையாயிடும். அறுப்பு வரிக்கும் நீ மட்டும் சொல்லாத."

இதில் எந்த நியாயமும் இல்லை என்று தையல்நாயகிக்குத் தெரியும். ஆனால் ஷட்டர் மேலே இருந்தது.

"சரி மாமா, நான் சொல்லல. ஆனா கடை தினமும் எட்டு மணிக்குத் தொறந்திருக்கும். அறுப்புக்கு முன்னாலயும், அறுப்புக்கு அப்புறமும்."

"யாரு வேணாம்னது?" என்றார் ஆறு நாளாக வேண்டாம் என்றவர்.

பன்னிரண்டு நாள் கழித்து அறுப்பு நடந்தது. தூற்றிப் பார்த்ததில் கால் பங்கு போனது, மிச்சம் மூட்டை ஏறியது. சக்கரபாணி பயந்த அளவு இல்லை. கிருஷ்ணசாமி வயலில் அதைவிடக் கூடுதலாகவே போயிருந்தது. அவர் வீட்டில் மருமகள் இல்லை, கடையும் இல்லை.

மறுநாள் காலை கிருஷ்ணசாமி டீக்கடையில் உட்கார்ந்து, வானம், மழை, உரம் என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். சக்கரபாணி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஒன் வயலுக்கு யாரு எண்ணனாங்க கிருஷ்ணசாமி?" என்று மட்டும் கேட்டார். செல்வகுமார் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

கிருஷ்ணசாமி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் நேராகக் கடைக்கு வந்து, மெஷினுக்கு முன்னால் தயங்கி நின்றார். மோட்டார் கொட்டாய்ச் சாவியில் ஒரு பல் போய்விட்டது, ஒரு மாதமாகக் கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன் என்றார்.

"ஒரு மாசமா? ஏன் சித்தப்பா, மின்னாடியே வர்றதுக்கு இன்னா?"

"எண்ணிக்கினு இருந்தேன் இல்ல," என்றார் கிருஷ்ணசாமி.

தையல்நாயகி சிரித்துக்கொண்டே மெஷினைப் போட்டாள்.